வளர்மதி போன்

தருமபுரிக்குப் போகிறேன் என்றதும், அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று பினாங்கில் என் அக்கா கேட்டாள். புழு என்றேன். அக்கா போனை வைத்துவிட்டாள். அறுபத்து நான்கு வயதில், ஓய்வு பெற்ற ஒரு கணினி ஆசிரியை, மூட்டு வலியோடு கடல் தாண்டிப் பட்டுப்புழு பார்க்கப் போகிறாள் என்றால் எந்த வீட்டில்தான் மதிப்பார்கள்?

அழைத்தவள் ஹரிணி. ஒரு காலத்தில் என் மாணவி. இப்போது பெங்களூரில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு செயற்கை நுண்ணறிவில் ஆராய்ச்சி செய்கிறாள். தருமபுரிப் பக்கத்துப் பட்டு விவசாயிகளுக்காக அவர்கள் ஒரு செயலி செய்திருந்தார்கள். புழுவுக்கு ஏதாவது என்றால் போன் நான்கு கேள்வி கேட்கும். பதிலைப் பார்த்து என்ன நோய், என்ன செய்யலாம் என்று சொல்லும்.

அதற்குள் இருந்தது பழைய சரக்கு. ஒரு நிபுணரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருக்குத் தெரிந்ததையெல்லாம் 'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்று விதி விதியாகக் கறந்து கணினிக்குள் போடுவது. வல்லுநர் அமைப்பு என்று பெயர். எண்பதுகளில் எங்கள் துறையில் அதுதான் ராஜா. பிறகு அந்த ராஜாவுக்குக் கெட்ட காலம் வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். ஆயிரமாயிரம் உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் இயந்திரங்கள் வந்து அரியணையில் உட்கார்ந்தன. விதி எழுதத் தெரிந்த என்னைப் போன்றவர்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

செயலி தப்புத் தப்பாகச் சொல்கிறது என்று ஹரிணி குறைப்பட்டாள். விதியில் தப்பா, விவசாயி சொல்லும் பதிலில் தப்பா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. விதியில் தப்பில்லை என்று நான் போய்ப் பார்த்து எழுதிக்கொடுத்தால் விதிகளை வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் மொத்தமாகத் தூக்கிவிடுவார்கள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. விதிகளைச் சொன்ன பெண்ணின் குரலையே பதிவு செய்து செயலிக்கும் வைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு தப்பும் அந்தப் பெண்ணின் வாயால் வந்துகொண்டிருந்தது. பெயர் வளர்மதி. ஊரில் அந்தச் செயலிக்கே 'வளர்மதி போன்' என்றுதான் பெயராம்.

முதல் நாள் பஸ்ஸிலேயே போய்விட்டது. ராயக்கோட்டை தாண்டி ஒரு புளிய மரத்தடியில் பின் டயர் மூச்சை விட்டது. எங்கள் ஊராக இருந்தால் ஆளுக்கொரு போனை எடுத்துப் புகார் எழுத ஆரம்பித்திருப்போம். இங்கே எல்லோரும் இறங்கி, கண்டக்டருக்கு யோசனை சொன்னார்கள். எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் கன்னடத்தில் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னார்: இந்த டிரைவர் எந்த மரத்தடியில் நிறுத்தினாலும் நிழல் சரியாகப் பார்த்து நிறுத்துகிறார், நல்ல மனுசன் என்று அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்களாம்.

பாலக்கோட்டுக்குள் நுழையும்போது சாலை முழுக்கத் தக்காளி. கிரேட்டுகளை அடுக்கிய டிராக்டர், மினி லாரி, அவற்றுக்கு நடுவே எங்கள் பஸ் ஆமையாக ஊர்ந்தது. ஜன்னல் வழியாக வந்த தக்காளி வாசனையிலேயே எனக்குப் பசி எடுத்தது. பஸ் நிலையத்தில் வளர்மதி ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, விரல் நுனிகளில் மட்டும் மல்பெரித் தழையின் பச்சைக் கறை. என் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, மேடம் கெட்டியாப் புடிச்சுக்கங்க என்று ஒரு சொல்தான் சொன்னார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை நான் கந்தர் சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பாடு ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. களியைக் கடித்து மென்ற என்னைப் பார்த்து வளர்மதி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். களியை மெல்லக் கூடாதாம். கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி, விழுங்க வேண்டுமாம். மூன்றாவது உருண்டையில் எனக்கு வித்தை பிடிபட்டது. எங்கள் ஊர் நாசி லெமாக் சோறும் தே தாரிக் டீயும்தான் உலகத்தின் உச்சம் என்று இத்தனை வருடம் இருந்துவிட்டேனே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

சாப்பிட்ட பிறகு அவருடைய போனைச் சுவரோரமாக மேசையில் வைத்தார். அதை அடிக்கடி பார்த்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

"முன்னெல்லாம் பல்லு வெளக்கறதுக்குள்ள நாலு பேரு கூப்புடுவாங்க மேடம். புழு மஞ்சளாவுது, வந்து பாரு வளருன்னு. இப்ப மூணு மாசமா ஒருத்தரும் கூப்புடறதில்ல. ரோட்டுல பாத்தாக்கூட வண்டிய ஓரங்கட்டிப் போயிடறாங்க."

அழாமல்தான் சொன்னார்.

இரண்டாம் நாள் காலை அவருடைய புழு வளர்ப்புக் கொட்டகைக்குப் போனோம். அதற்குள் அவ்வளவு எளிதில் நுழைந்துவிட முடியாது. வெளியே செருப்பை விட வேண்டும், காலைக் கழுவ வேண்டும், வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டில் பாதத்தை நனைக்க வேண்டும். வெளியாட்கள் காலோடு நோய் வந்துவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. பினாங்கு மருத்துவமனைகளில் கூட என்னை இவ்வளவு கழுவியதில்லை. உள்ளே அடுக்கடுக்கான தட்டுகளில் தழை, தழையின் மேல் விரல் நீளப் புழுக்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் வளர்மதி. தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். அத்தனையும் புழு தின்கிற சத்தம். நாலாவது தோலை உரித்துவிட்டு எழுந்த புழு இப்படித்தான் ஒரு வாரம் ஓயாமல் தின்னுமாம். பிறகு வாயை மூடிக்கொண்டு கூடு கட்ட உட்கார்ந்துவிடுமாம்.

அன்று முழுக்க அவருடைய விதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். தின்னுகிறதா, உடம்பு வீங்கி மினுக்குகிறதா, தொட்டால் பால் போல வருகிறதா, படுக்கையில் நாற்றம் உண்டா, எச்சம் உருண்டையா, இளகலா. நான் எங்கெங்கோ திருப்பித் திருப்பிக் கேட்டும் ஒரு இடத்திலும் அவர் தடுமாறவில்லை. என் தொழிலில் எத்தனையோ நிபுணர்களைக் கேள்வி கேட்டிருக்கிறேன். டாக்டர்கள், ரசாயனக்காரர்கள், ஒரு முறை கப்பல் எஞ்சின் மெக்கானிக். எல்லோரும் ஏதாவது ஒரு மூலையில் 'அது ஒரு அனுபவம்தான்' என்று கையை விரிப்பார்கள். வளர்மதி விரிக்கவில்லை. தனக்கு எப்படித் தெரிகிறது என்பதும் தெரிந்த மனிதர் அபூர்வம். விதிகளில் ஒரு குறையும் இல்லை என்று அன்றைக்கே எழுதிவைத்தேன்.

அப்படியானால் தப்பு எங்கே? வளர்மதி மாதையன் வீட்டுக் கதையைச் சொன்னார். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு குடும்பம். மூன்று மாதத்துக்கு முன் அந்த வீட்டிலிருந்து போனுக்குப் போன பதில்: புழு தின்னவில்லை, படுக்கையில் நாற்றம். வளர்மதி போன் சொன்னது: இது பரவும் நோய், இன்றைக்கே எல்லாவற்றையும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிவிடுங்கள். மாதையன் மனைவி கோவிந்தம்மா அப்படியே மூடிவிட்டார். ஆனால் புழு நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தது என்று அந்த அம்மாளே ஊர் முழுக்கச் சொல்கிறாராம். அன்றிலிருந்து வளர்மதி பெயர் கெட்டது.

ஹரிணியின் ஆட்கள் பெங்களூரில் உட்கார்ந்து, விவசாயிகளுக்குக் கேள்வி புரியவில்லையோ என்று ஒரு பக்கம் சந்தேகப்பட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்குள் பழைய முள் ஒன்று அசைந்தது.

முப்பத்தெட்டு வருடம் முன்னால், நானும் என் கூட்டாளிகளும் ரப்பர் மர நோய்க்கு ஒரு வல்லுநர் அமைப்பு செய்தோம். கணினியை வேனில் ஏற்றி, ஜெனரேட்டரோடு தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். என் அப்பா பால் மரம் சீவிய தோட்டம்தான் அது. மகள் செய்த பெட்டி என்று அப்பாவையே முதலில் உட்காரவைத்தார்கள். திரையில் முதல் கேள்வியைப் படித்துச் சொன்னேன்: இலை உதிர்கிறதா? கணுக்கால் அளவு இலை உதிர்ந்து கிடந்த தோட்டத்தில் நின்றுகொண்டு அப்பா 'இல்லை' என்றார். மரம் நலமாக இருக்கிறது என்று பெட்டி சொன்னது. அப்பா லேசாகச் சிரித்து எழுந்துகொண்டார். பின்னால் வந்தவர்களும் கிட்டத்தட்ட அப்படியே. கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லும் நிலையில் தொழிலாளர்கள் இல்லை என்று அறிக்கையில் எழுதினேன். அதோடு அந்தத் திட்டம் முடிந்தது. எல்லோர் முன்னாலும் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாரே என்று அப்பா மேல் கோபம். அவர் கண்ணை மூடும்வரை அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

மூன்றாம் நாள் மாதையன் வீட்டுக்குக் கிளம்பினேன். வளர்மதியின் ஸ்கூட்டர் வழியில் இரண்டு முறை நின்றது. மூன்றாவது முறை நின்றபோது, பெட்ரோலே இல்லை என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். புழுவின் வயிற்றில் இருப்பதைச் சொல்கிறவருக்கு வண்டியின் வயிறு தெரியவில்லையே என்று கேலி செய்தேன். சிரித்தார். மூன்று நாளில் முதல் முறை வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அந்தத் தெருமுனை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் வரலீங்க, நீங்க போயிட்டு வாங்க என்று வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டார்.

கோவிந்தம்மா என்னை நன்றாகவே வரவேற்றார். வெளிநாட்டிலிருந்து வந்த அம்மா என்று பக்கத்து வீட்டில் நாற்காலி கடன் வாங்கிப் போட்டார். வளர்மதி பேச்சை எடுத்ததும் முகம் இறுகியது.

"தின்னுக்கிட்டிருந்த புழுவம்மா. மண்ணப் போடப் போட அதும்பாட்டுக்குத் தழையக் கடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எங்கண்ணு பாத்ததவிட வளர்மதி அக்கா கொரல நம்புனேன். பக்கத்துக் கொட்டாயிக்கெல்லாம் பரவிடும்னு சொல்லுச்சே, ஊரு பாவம் நமக்கெதுக்குன்னு மூடுனேன்."

ஒரு குரலை அவ்வளவு நம்பியிருக்கிறார் இந்தப் பெண். எங்கள் ஆராய்ச்சிக் கூடங்களில் இயந்திரத்தின் மேல் மனிதருக்கு நம்பிக்கை வருவது எப்படி என்று கட்டுரை கட்டுரையாக எழுதுகிறோம். அந்த நம்பிக்கை வந்துவிட்டால் என்ன ஆகும் என்பது கோவிந்தம்மா கொல்லையில் புதைந்து கிடந்தது.

கோவிந்தம்மா டீ போடப் போனார். மாதையன் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஐம்பது வயதுக்காரர், அமைதியான ஆள். காலைக் கழுவி உள்ளே போனால் அடுத்த மகசூலுக்கான புழு, நாலாவது தோல் உரித்துத் தகரத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் போனை எப்படிப் பயன்படுத்தினீர்கள், ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் தயங்காமல் எடுத்தார். வளர்மதியின் குரல் கேட்டது: புழு தழை தின்னுதுங்களா? தின்கிற சத்தம் நாலு பக்கமும் நிறைந்திருக்கும் கொட்டகைக்குள் நின்றுகொண்டு மாதையன் 'இல்லை' என்பதை அழுத்தினார். நாற்றம் அடிக்குதுங்களா? தழையின் பச்சை வாசனையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. 'ஆமாம்' என்பதை அழுத்தினார். எல்லாத்தையும் புதைச்சிருங்க என்றது போன்.

"பாத்தீங்களா, அதுக்குத் தெரியல," என்றார் மாதையன், திருப்தியாக.

நான் அவரையே பார்த்தேன். ஏன் மாற்றி அழுத்தினீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தார்.

"நாடி பாக்கறவருகிட்டப் போனாக் கையத்தானுங்க நீட்டுவோம், வாயத் தொறக்க மாட்டோம். எங்க வலிக்குதுன்னு அவருதான சொல்லோணும். புதுசா ஒரு ஆளு வந்தா, வேணும்னே ஒண்ணு மாத்திச் சொல்லிப் பாப்போம். வெசயம் தெரிஞ்சவரா இருந்தா, இல்லியேம்பாரு. நாமளே எல்லாத்தயும் சொல்லிட்டா அப்புறம் அவரு எதுக்குங்க?"

கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இவர் சொல்வதில் என்ன தப்பு? நிபுணர் என்று ஒரு குரல் வந்தால் அது நிபுணர்தானா என்று முதலில் சோதிக்கிறார்கள். நாங்கள் இயந்திரங்களுக்குப் பரீட்சை வைப்பதும் இதே காரியம்தான். எங்களிடம் கேள்வித்தாள் இருக்கிறது, இவர்களிடம் இல்லை. அவ்வளவு வித்தியாசம்.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். போன தடவையும் இப்படித்தான் சோதித்தீர்களா? மாதையன் ஒரு தட்டில் தழையை ஒதுக்கினார். ஒதுக்கியபடியே நடந்ததைச் சொன்னார். அன்றைக்குப் போனைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதுக்கு ஒண்ணும் தெரியல என்று சிரித்தபடி ஜன்னலில் வைத்துவிட்டு, ஒரு சாவுக்குப் போயிருக்கிறார். கோவிந்தம்மா போனை எடுத்து, சொன்னதை மறுபடி ஓடவிட்டுக் கேட்டிருக்கிறார். மாதையன் திரும்பி வந்தபோது குழி மூடியாகிவிட்டது. மனைவி முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூன்று மாதமாக வரவில்லை. அவகிட்டச் சொல்லீராதீங்கம்மா என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

நான் சொல்லமாட்டேன் என்றேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். டீ வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

தெருமுனையில் வளர்மதி அதே இடத்தில் நின்றிருந்தார். மாதையன் ரகசியத்தை மூடிவைத்துக்கொண்டு, பொதுவாக ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். நீங்கள் நேரில் போகும்போது இந்த ஊர்க்காரர்கள் உங்களைச் சோதிப்பார்களா?

"சோதிக்காம எப்புடீங்க? அதுக்குத்தான நான் போன ஒடனே ஒண்ணும் கேக்கறதில்ல. படுக்கைக்குள்ள கைய வெச்சுப் பாத்து, நேத்து நனஞ்ச தழையப் போட்டீங்களா, அந்த மூலையில நெருக்கிட்டீங்களேன்னு நானே மொதல்ல ஒண்ணு சொல்லுவன். அவங்க மூஞ்சி மாறும். அப்புறந்தான் கேப்பன். அப்பப் பொய் வராதுங்க."

இதை ஏன் எஞ்சினியர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்ன கேப்பீங்கன்னுதான் அவங்க கேட்டாங்க. கேக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்கன்னு யாரும் கேக்கலீங்களே."

நான் அந்தத் தெருமுனையில் ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் காரணம் இல்லை. நாற்பது வருடமாக உலகம் முழுக்க எங்கள் ஆட்கள் நிபுணர்களைக் கேள்வி கேட்டு விதி எழுதினோம். நானும் நேற்று ஒரு நாள் முழுக்க இந்தப் பெண்ணைக் குடைந்தேன். விதிகளில் குறையில்லை என்று பெருமையாக எழுதியும் வைத்தேன். முதல் விதியையே விட்டிருந்தேன்.

நான்காம் நாள் ஹரிணியோடு போனிலேயே கழிந்தது. அவள் கூட்டம் புழுப் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்கிய ஓர் இயந்திரம் வேறொரு மூலையில் கிடந்தது. படத்தைப் பார்த்தால் புழுவின் வயது, தழையின் ஈரம், நெருக்கம் எல்லாம் சொல்லும். என்ன நோய் என்று கேட்டால் மட்டும் உளறும். அதனால் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது முதலில் பேசட்டும், விதிகள் பிறகு கேட்கட்டும் என்றேன். மறுமுனையில் ஹரிணி விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, டீச்சர், நாளைக்குள் ஒட்டுப்போட்டு அனுப்புகிறேன் என்றாள்.

அன்று மாலை வளர்மதி நான்கைந்து வாக்கியங்களைப் புதிதாகப் பேசிப் பதிவு செய்துகொடுத்தார். என் தலைமுறையும் ஹரிணியின் தலைமுறையும் ஒருவரையொருவர் கிண்டல் செய்தே காலத்தை ஓட்டியிருக்கிறோம். கண்ணுள்ள இயந்திரத்துக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை என்று நாங்கள். காரணம் சொல்லத் தெரிந்த இயந்திரத்துக்குக் கண் இல்லை என்று அவர்கள். இரண்டையும் ஒரு போனுக்குள் குடித்தனம் வைக்க வளர்மதியின் ஒரு வார்த்தை தேவைப்பட்டிருக்கிறது.

ஐந்தாம் நாள் மறுபடி மாதையன் வீடு. இந்த முறை வளர்மதியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கோவிந்தம்மா அவரைப் பார்த்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மாதையனிடம் புதுச் செயலியைக் கொடுத்தேன். கொட்டகை வாசலில் கோவிந்தம்மாவும் வந்து நின்றார். மாதையன் ஒரு தட்டைப் படம் பிடித்தார். வழக்கம் போல விரலைத் தயாராக வைத்துக்கொண்டார். போன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வளர்மதியின் குரலில், புழு நாலாவது தோலு உரிச்சு மூணு நாளு ஆச்சுங்க என்றது. தழையில ஈரம் இருக்குது, காலையில பனியோட வெட்டீட்டீங்க போல என்றது. வலது பக்கம் நெருக்கமா இருக்குது, கொஞ்சம் கலைச்சு விடுங்க என்றது.

மாதையன் தட்டின் வலது பக்கத்தைப் பார்த்தார். தழையை எடுத்து விரலால் தடவினார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் போன் கேட்டது: புழு தழை தின்னுதுங்களா? மாதையன் 'ஆமாம்' என்பதை அழுத்தினார். ஒன்றொன்றாக எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி அழுத்தினார். புழு நல்லா இருக்குது, தழைய மட்டும் ஆறவெச்சுப் போடுங்க என்று முடித்தது போன்.

நான் சந்தோஷத்தில் கைதட்டியே இருப்பேன். ஆனால் மாதையன் போனைத் திருப்பித் தரவில்லை. அதைப் பிடித்தபடியே மனைவி பக்கம் திரும்பினார்.

"கோவிந்தா, அன்னிக்குப் போன்ல மாத்தி அழுத்துனது நாந்தான். அதுக்குத் தெரியுதான்னு பாக்க அழுத்துனன். வளர்மதி மேல ஒண்ணுமில்ல. நாஞ் சொன்ன பொய்க்குத்தான் அது அப்புடிச் சொல்லுச்சு."

கோவிந்தம்மா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கொல்லைப் பக்கம், அந்தக் குழி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு முறை துடைத்தார். கணவரைத் தாண்டி நடந்து, ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

"உள்ள வாங்கக்கா. காலக் கழுவிக்கிட்டு வாங்க. நீங்களே ஒரு தடவ கைய வெச்சுப் பாத்துருங்க."

வளர்மதி காலைக் கழுவினார். கோவிந்தம்மாதான் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே வளர்மதி கண்ணிலும் வழிந்தது. பிறகு மருந்துத் தட்டில் பாதத்தை நனைத்து, கொட்டகைக்குள் போய், படுக்கைக்குள் கையை விட்டார். எங்கள் இயந்திரம் சொன்னதையே சொன்னார். கூடவே, அதற்குத் தெரியாத ஒன்றையும் சொன்னார். என்ன என்று நான் குறித்துவைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை செய்ய மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் வளர்மதியின் போன் அடித்தது. ஓட்டிக்கொண்டிருந்ததால் நான்தான் அவர் இடுப்புப் பையிலிருந்து எடுத்தேன். யாரோ ஒருவர், வளரு, கோவிந்தம்மா சொல்லுச்சு, புழு தோலுரிக்கத் தூங்க மாட்டேங்குது, வந்து பாக்கறியா என்றார். வருவாங்க என்று நானே சொல்லிவிட்டேன்.

பெங்களூர் பஸ்ஸில் உட்கார்ந்து அறிக்கை எழுத ஆரம்பித்தேன். விதிகளை வைத்துக்கொள்ளலாம், படம் பார்க்கும் இயந்திரம் முதலில் பேசட்டும், வளர்மதியை ஆராய்ச்சியில் சம உரிமையோடு சேருங்கள் என்று வரிசையாக வந்தது. விவசாயிகளின் பதில்களைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. அப்பாவின் அப்பா சேலம் ஜில்லாவிலிருந்து கப்பல் ஏறியவர். தருமபுரியும் அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவுக்குள்தான் இருந்தது; மாற்றிச் சொல்லிச் சோதிக்கும் வழக்கமும் அவரோடு கப்பல் ஏறியிருக்கலாம். அவர் எந்த ஊர் என்று தெரியாது. தெரிந்துகொள்ள நான் வரவும் இல்லை.

உதிர்ந்த இலைக்கு நடுவே நின்று அப்பா 'இல்லை' என்றாரே, அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே தக்காளி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு எதுவும் கண்ணில் தெரியவில்லை, நான் அழுதுகொண்டிருந்தேன். என் அப்பா மகளின் பெட்டிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடி பார்க்க எனக்குத்தான் தெரியவில்லை.